நேரே பார்க்கும் ஷோகி

எங்கள் சந்தில் இருப்பதெல்லாம் மர வீடுகள், எல்லாமே ஒல்லி. வாசலில் நாலு பேர் தோளோடு தோள் நின்றால் அடைத்துவிடும். உள்ளே போனால் கூடம், சமையல்கட்டு, முற்றம், மறுபடி கூடம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டிப் பிறந்தவை. பக்கத்து வீட்டில் அரிசி களைந்தால் என் வீட்டில் கேட்கும். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் அடித்துக்கொள்ளாமல் வாழ ஒரே வழி, கேட்டதைக் கேட்காத மாதிரியும் பார்த்ததைப் பார்க்காத மாதிரியும் இருப்பதுதான். அதில் எங்கள் நிஷிஜின் பேட்டை ஆட்களை மிஞ்ச கியோட்டோவிலேயே ஆள் கிடையாது.

அந்த வித்தை துளியும் வராத ஒரே மனிதர் டிரைவர் ஐயா.

பெயர் சுகவாரா தொகுஜி. வடக்கே பனி கொட்டும் அகிதாவில் பிறந்து, இங்கே வந்து நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என் முடிதிருத்தும் கடைக்கு அடுத்த வீடு. இந்தச் சந்துக்குக் குடிவந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவர் ‘புதுசா வந்தவங்க’தான். எங்கள் ஊரில் அந்தப் பட்டம் போக மூன்று தலைமுறையாவது ஆகும். குட்டையான உருவம், எப்போதும் சிவந்திருக்கும் காது, ஒலிபெருக்கி வேண்டாத குரல். பேருந்து ஓட்டிய பழக்கத்தில், வீட்டை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஆள்காட்டி விரலை நீட்டி, “வலது சரி. இடது சரி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். சைக்கிள்கூட எப்போதாவது வரும் சந்து இது. அவர் குரல் கேட்டுத்தான் நான் கடை திறப்பது.

வந்த முதல் வாரமே ஒரு காரியம் செய்தார். இங்கே காலையில் அவரவர் வாசலைப் பெருக்கி, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு சாண் சேர்த்துப் பெருக்குவோம். அந்த ஒரு சாண் மரியாதை. அதற்கு மேல் போனால், ‘உன் வாசல் குப்பையாகக் கிடக்கிறது’ என்று முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிடும். டிரைவர் ஐயா விடிவதற்கு முன்பே எழுந்து சந்து முழுவதையும் பெருக்கித் தண்ணீரும் தெளித்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்து, சொந்த ஊர் ஞாபகத்தில் கொல்லையில் முள்ளங்கியைக் கட்டித் தொங்கவிட்டு விறகுப் புகை போட்டார். அகிதாவில் அப்படித்தான் ஊறுகாய் போடுவார்களாம். மர வீட்டுக்காரர்களுக்குப் புகை என்றால் ஈரக்குலை நடுங்கும். வாசல்தோறும் வைத்திருக்கும் சிவப்பு வாளிகளைத் தூக்கிக்கொண்டு மொத்தச் சந்தும் அவர் வீட்டுக்குள் புகுந்தது. முள்ளங்கி நனைந்ததுதான் மிச்சம். மனிதர் கோபப்படவில்லை. ஓடி வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, நனைந்த முள்ளங்கியிலேயே ஆளுக்கு ஒன்று கொடுத்தனுப்பினார். ருசி நன்றாகத்தான் இருந்தது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அவர் செய்யும் தப்பெல்லாம் பிரியம் கூடிப்போய்ச் செய்யும் தப்பு. அதனாலேயே எனக்கு எரிச்சல் அதிகமாக வரும், திட்டவும் முடியாது. அவருடைய மனைவி நோபுகோ என் வயதுக்காரி. “எங்க ஊட்டுக்காரரு பிரேக் இல்லாத பஸ்ஸு. நான்தான் பின்னாடி உக்காந்து மணி அடிக்கணும்” என்று சொல்லிச் சிரிப்பாள்.

போன செப்டம்பர் புயலில் அவர்கள் வீட்டு ஷோகி விழுந்து உடைந்தது. ஷோகி என்றால் சுட்ட மண்ணில் செய்த தாடிக்கார வீரர். ஒரு முழம் உயரம்கூட இருக்காது. கையில் வாள், முறைத்த கண். வாசலுக்கு மேலே கீழ்க்கூரையின் ஓட்டில் நின்று, வீட்டுக்குள் பீடை நுழையாமல் பார்த்துக்கொள்வார். இங்கே வீட்டுக்கு ஒருவர் உண்டு. டிரைவர் ஐயா வீட்டில் இருந்தவர் வீட்டோடு சேர்ந்து வந்தவர். அவர் உடைந்த அடுத்த மாதம் நோபுகோவுக்கு மார்பில் கட்டி என்றார்கள். மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். காவல் போனதால்தான் கட்டி வந்தது என்று டிரைவர் ஐயாவுக்கு இரண்டும் இரண்டும் நாலாகிவிட்டது.

மனைவி மருத்துவமனையில் கிடக்கும்போது ஓட்டுக் கடைக்கு ஓடிப்போய் இருப்பதிலேயே பெரிய ஷோகியை வாங்கி வந்தார். கூரைக்காரரைக் கூப்பிடவில்லை, தானே ஏறினார். பேருந்து ஓட்டிய மனிதர் அல்லவா, ஓட்டுநர் எங்கே பார்க்க வேண்டும்? நேரே. ஷோகியையும் நேரே பார்க்க வைத்து, செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டி, ஏணியில் நின்றபடியே விரலை நீட்டி “முன்னால் சரி” என்றார். நான் ஒரு வாடிக்கையாளரின் தலைக்கு நுரை தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கண்ணைத் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுபடி நுரையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

நேரே என்றால் எதிர் வீட்டு மாடி ஜன்னல்.

ஷோகி விரட்டும் பீடை எங்கே போகும்? அவர் முகம் பார்த்த பக்கம்தான் போகும். அதனால் எங்கள் ஊரில் ஷோகியை எதிர் வீட்டுக்கு நேராக வைக்கமாட்டோம். சற்றே ஒருக்களித்து, யாருமில்லாத பக்கம் பார்க்கிற மாதிரி வைப்போம். அதற்கு இடமில்லை என்றால் எதிர் வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வைப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லாவிட்டால் அகிதாக்காரருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்கள்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிர் வீட்டு ஷோகி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பதைப் பார்த்து, புயலில் சாய்ந்துவிட்டது போல, நேராக வைத்துத் தரட்டுமா என்று ஏணியோடு போய்க் கேட்டவர் அவர்.

அந்த எதிர் வீடு மசுயே அக்காவுடையது. எழுபது வயது, கிமோனோ தைத்துப் பிழைத்த கை, பிறந்தது வாழ்ந்தது எல்லாம் இதே சந்து. அவர் பேச்சு தேனாக வரும், உள்ளே ஊசி இருக்கும். புது ஷோகி வந்த மறுநாள் மரக் கிராதிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, “டிரைவர் ஐயா, உங்க வீட்டு ஷோகிக்கு என்ன ஒரு கண்ணு. நான் மாடியில துணி மடிக்கறதைக்கூட விடாம பாத்துக்கறாரு. பெரிய துணைதான்” என்றார்.

டிரைவர் ஐயா பூரித்துப் போனார். மறுநாள் அக்கா வீட்டு வாசலில் ஒரு பெட்டி ஆப்பிள் இருந்தது.

நோபுகோவுக்கு அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. டாக்ஸியில் வந்து, தலையைக் குனிந்தபடி வீட்டுக்குள் போனவள் குளிர்காலம் முழுக்கப் பின்கட்டிலேயே இருந்தாள். அவர்கள் வீட்டு ஷோகி எங்கே பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. சொந்த ஷோகியின் முகம் எதிர் வீட்டுக்காரருக்குத்தானே தெரியும். டிரைவர் ஐயா மட்டும் தினமும் காலையில் வாசலில் நின்று அண்ணாந்து கும்பிடு போட்டார்.

ஜனவரியில் மசுயே அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிப்ரவரியில் அவர் சமையல்கட்டுக் குழாய் உறைந்து வெடித்தது. மார்ச்சில் அவருடைய ஒரே மகள் அகானே பிரசவத்துக்கு ஒசாகாவிலிருந்து தாய் வீடு வந்தாள். வயது முப்பத்தொன்பது. ஏற்கெனவே இரண்டு தடவை கரு தங்காமல் போயிருக்கிறது. இந்தத் தடவை ரத்த அழுத்தம் ஏறி, எழுந்து நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளைப் படுக்க வைத்தது மாடி முன்னறையில், ஷோகிக்கு நேர் எதிரே.

என் கடையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த ஒவ்வொருவரும் அதைத்தான் பேசினார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. என் வீட்டு ஷோகியின்மேல் தூசி படிய விட்டதில்லை என்பது வேறு விஷயம். மசுயே அக்கா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மாடி ஜன்னலைச் சாத்தினார். காற்று வேண்டும் என்று அகானே திறந்தாள். அவர் சாத்துவதும் இவள் திறப்பதுமாக ஏப்ரல் வந்தது.

சனிக்கிழமைகளில் சின்னக் கொடி பிடித்த ஒரு பெண், ஊர் பார்க்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தச் சந்து வழியாகப் போவாள். பழைய மர வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கிராதியைத் தொட்டுப் பார்ப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் நாங்கள் அவர்களுடைய பல் இடுக்குவரை பார்த்துக்கொண்டிருப்போம். கிராதி வைத்ததே அதற்குத்தான்.

அன்றைக்கு அந்தப் பெண் ஷோகி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பெரிய தொப்பி போட்ட ஓர் அம்மா, நகோயாக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது, டிரைவர் ஐயா வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“எதிர் வீட்டுக்கு நேரா வச்சா பீடை அங்க போயிடும்னு சொன்னியே. இது நேராத்தானே முறைச்சுக்கிட்டு நிக்குது? ரெண்டு வீட்டுக்கும் ஏதாவது பகையா?”

கொடிக்காரப் பெண் எங்கள் ஊர்க்காரி. முகம் வெளிறி, “அந்தப் பக்கம் ஒரு பழைய கிணறு இருக்கு, வாங்க காட்டறேன்” என்று கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனாள்.

டிரைவர் ஐயா பூவாளியோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் பூந்தொட்டியில் விழாமல் அவருடைய செருப்பின்மேல் விழுந்தது. மெதுவாக எதிர் வீட்டு மாடியைப் பார்த்தார். அந்தச் சிவந்த காது வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேரே என் கடைக்குள் வந்தார்.

“ஒகுனோம்மா, அந்தம்மா சொன்னது நெசமா?”

“எந்தம்மா?”

“கேக்காத மாதிரி நடிக்காதீங்க. இன்னைக்கு ஒருநாள் மட்டும் நடிக்காதீங்க.”

“நெசந்தான். அப்படி ஒரு வழக்கம் உண்டு.”

“அஞ்சு மாசமா அவரு அங்க நிக்கறாரு. அவங்க கை ஒடிஞ்சுது. அந்தப் பொண்ணு எந்திரிக்க முடியாமக் கெடக்குது. ஏன் ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லல?”

“சொல்ற வழக்கம் இல்ல” என்றேன். சொல்லும்போதே என் வாய்க்கே அது நன்றாக இல்லை.

அவர் முடிவெட்டும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “வர்ற வெள்ளிக்கிழமை நோபுகோவுக்குப் பரிசோதனை. திரும்ப வந்திருக்கா இல்லையான்னு அன்னைக்குத் தெரிஞ்சுடும். இந்த ஆளு வந்ததுலேருந்து அவ நல்லாருக்கா. இப்பத் திருப்பினா அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. திருப்பலேன்னா அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கு.”

“அது சுட்ட மண்ணு, டிரைவர் ஐயா.”

“அப்போ உங்க வீட்டு ஷோகியைக் கழட்டிடுவீங்களா?”

நான் கத்தரிக்கோலைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து போனார். இறங்கும்போது வலது சரி, இடது சரி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏணி சாத்தும் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். டிரைவர் ஐயா மேலே குறடும் கையுமாக நின்றார். கீழே கம்பளித் தொப்பி போட்ட நோபுகோ இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தாள். குளிர்காலம் முடிந்து அவள் வாசலுக்கு வந்ததே அன்றைக்குத்தான். நான் போய் ஏணியின் இன்னொரு காலைப் பிடித்தேன்.

“உனக்குத் தெரியுமா இது?” என்றேன்.

“நேத்து சொன்னாரு. வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் திருப்பிடறேன்னு கெஞ்சினாரு. அந்தப் பொண்ணு வயித்துல இருக்கறதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கத் தெரியுமான்னு கேட்டேன். நான்தான் ஏறச் சொன்னேன்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே, “எனக்குப் பயம் இல்லைன்னு நெனைக்காத, ஒகுனோ” என்றாள்.

மேலே குறடு வழுக்கியது. அவர் கட்டிய கம்பி, அவருக்கே அவிழவில்லை.

எதிர் வீட்டுக் கிராதிக் கதவு திறந்தது. மசுயே அக்கா வீட்டுக்குள் போடும் செருப்போடே சந்தில் இறங்கி வந்தார். அப்படி அவர் இறங்கி நான் பார்த்ததில்லை.

“டிரைவர் ஐயா. எறங்குங்க.”

“மன்னிச்சிடுங்கம்மா. தெரியாமப் பண்ணிட்டேன். இதோ ஒரு நிமிஷத்துல…”

“எறங்குங்கன்னு சொன்னேன்.” குரலில் தேன் இல்லை. “வெள்ளிக்கிழமை உங்க வீட்டம்மாவுக்குப் பரிசோதனை, இல்லையா?”

யாரும் அவரிடம் சொன்னதில்லை. மரச் சுவர் சொல்லியிருக்கும்.

“ஆமாங்க.”

“அதுவரைக்கும் அவரு அங்கயே நிக்கட்டும்.”

“உங்க பொண்ணு…”

“என் பொண்ணை நான் பாத்துக்கறேன்.” சொல்லி முடிக்கும்போது அக்காவின் உதடு கோணிக்கொண்டு போனது. நல்ல மனசோடு சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்துவிடவில்லை அவர். பயந்துகொண்டே விட்டுக்கொடுத்தார்.

அப்போது மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அகானே தலையணையில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்தாள்.

“யாரைத் திருப்பறீங்க? அவரைத் தொடாதீங்க, சொல்லிட்டேன்.”

“அகானே, நீ படு” என்றார் அக்கா.

“படுத்துத்தானேம்மா கெடக்கேன். ஒரு மாசமா எனக்குப் பேச்சுத்துணை யாரு? நீ கண்ணை மூடிக்கோங்கறே. கண்ணைத் தொறந்தா அவரு மூஞ்சிதான். முதல்ல ரெண்டு நாள் பயமாத்தான் இருந்துது. அப்புறம் பாத்தா, அப்படியே நம்ம டிரைவர் ஐயா மூஞ்சி. முறைக்கத்தான் பாக்கறாரு, பாவம், வரல.”

நோபுகோதான் முதலில் சிரித்தாள். ஏணி ஆடியது.

“சிரிக்காதீங்க, அவரு விழுந்துடப் போறாரு” என்றாள் அகானே. பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள்: “அம்மா, எனக்கு ரெண்டு தடவை தவறிப்போச்சே. அப்போ எந்த ஷோகி என்னை முறைச்சாரு? ஒசாகா ஃபிளாட்டுல ஷோகியே கிடையாது.”

டிரைவர் ஐயா ஏணியை விட்டு இறங்கி மசுயே அக்காவுக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். நிமிரவே இல்லை. அக்காவும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இருவரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் அக்கா, “கழுத்து புடிச்சுக்கும், ஜன்னலைச் சாத்து” என்று மகளை அதட்டும் சாக்கில் நிமிர்ந்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இந்தச் சந்தில் ஒருவரும் வேலை செய்யவில்லை. ஒருவரும் வெளியே வரவுமில்லை. கிராதிக்குக் கிராதி கண்கள். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது, நாற்காலியில் ஒரு பாதித் தலை இருந்தது, நான் ஜன்னலில் இருந்தேன். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வீட்டு வாசலில் டிரைவர் ஐயா நின்றார். விரலை நீட்டினார்.

“வலது சரி. இடது சரி.”

மேலே ஷோகியைப் பார்த்து, “முன்னால் சரி.”

பிறகு திரும்பி நோபுகோவை நோக்கி விரலை நீட்டினார். பேருந்தை எடுப்பதற்கு முன் பயணிகளைப் பார்த்துச் சொல்வது அது. முப்பது வருஷம் சொன்ன வார்த்தை, அன்றைக்கு வர மறுத்தது.

“உள்ளே…” என்றார். “உள்ளேயும் சரி.”

கிராதிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. எல்லோரும் வெளியே வந்தோம். மசுயே அக்கா மட்டும் சாக்குக்கு ஒரு துடைப்பத்தைக் கையில் வைத்திருந்தார். மாடியில் அகானே யாரைப் பற்றியும் கவலைப்படாமல் கோவென்று அழுதாள். எனக்கு மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அது அங்கே கிடந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மே மாதக் கடைசியில் அகானேவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாள் டிரைவர் ஐயா கோட்டு போட்டுக்கொண்டு, பலகாரப் பெட்டியோடு எதிர் வீட்டுக்குப் போனார். ஷோகியை எந்தப் பக்கம் திருப்பட்டும் என்று முறைப்படி கேட்டார்.

“அங்கயே இருக்கட்டும்” என்றார் அக்கா. “இந்தப் பய அவரைப் பாத்துக்கிட்டுத்தான் பால் குடிக்கறான்.”

அடுத்த வாரம் அக்கா வீட்டுக் கூரையில் குண்டுக் கன்னம் வைத்துச் சிரிக்கும் ஒரு மண் பொம்மை முளைத்தது. முறைப்பவரைச் சிரிக்க வைத்தால் பீடை அங்கேயே கரைந்துவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அக்காவைக் கேட்டால், “நம்பிக்கையெல்லாம் இல்ல, அழகா இருந்துச்சு, வாங்கினேன்” என்கிறார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை கொடிக்காரப் பெண் ஒரு புதுக் கூட்டத்தோடு வந்தாள். எங்கள் சந்தில் ஷோகி கதையைச் சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்திருப்பாள் போல, வேகமாக நடந்தாள். ஆனால் கூட்டத்தில் ஒரு பெரியவர் விவரம் தெரிந்தவர். நின்று மேலே கையைக் காட்டி, “இப்படி எதிர் வீட்டைப் பாத்து வைக்கக் கூடாதே. இங்க என்ன, சண்டையா?” என்றார்.

டிரைவர் ஐயா பூவாளியோடு அன்றைக்கும் வாசலில்தான் இருந்தார். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனார். அதற்குள், ஊர் பார்க்க வருபவர்களோடு வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியிராத மசுயே அக்காவின் குரல் கிராதிக்குப் பின்னாலிருந்து வந்தது.

“சண்டை இல்லீங்க. எங்களைக் கேட்டுட்டுத்தான் வச்சாரு.”